தேடற்பொறியின் பொருத்தப்பாடும் தேடற் குழு முகாமைத்துவமும்



"தேடற்பொறி என்றால் என்ன?" என்ற வினாவுக்கு விடை எழுதாத மாணவர் இல்லை. "இணையத்தில் தகவல்களைத் தேடித் தரும் மென்பொருள்" என ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றீர்கள். ஆனால் "தேடற்பொறி தரும் விடை நல்லதா என்பதை எவ்வாறு அளப்பீர்? அதனை எவ்வாறு மேம்படுத்தலாம்?" என வினாவைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் பேனா நின்றுவிடுகின்றது. இக்கட்டுரை அந்த இரண்டாவது வினாவுக்காக எழுதப்பட்டது.

இது பரீட்சைக்கு மட்டும் உரிய விடயமன்று. உயர்தரப் பெறுபேறு வெளிவந்தபின் ஒரு மாணவி "மருத்துவ பீட வெட்டுப்புள்ளி" எனத் தேடுகின்றார் என வைத்துக்கொள்வோம். முதலாவதாக வரும் பக்கம் நான்கு வருடங்களுக்கு முற்பட்டது. அல்லது வேறொரு மாவட்டத்திற்கு உரியது. சொற்கள் அனைத்தும் அப்பக்கத்தில் உள்ளன. விடை மட்டும் அவருக்கு உரியதன்று. அதை நம்பி அவர் விண்ணப்பப் படிவத்தில் பாடநெறிகளின் ஒழுங்கை மாற்றிவிட்டால் இழப்பு யாருக்கு? எனவே, தேடற்பொறி எதை முதலில் காட்டுகின்றது என்பது சிறிய விடயமன்று.

இக்கட்டுரையை வாசித்து முடித்ததும் நீங்கள்
- பொருத்தப்பாடு என்பதை வரைவிலக்கணப்படுத்தவும்,
- துல்லியம், மீட்பு வீதம் ஆகியவற்றைக் கணிக்கவும்,
- தமிழ்மொழித் தேடலில் உள்ள சிக்கல்களை விளக்கவும்,
- தேடற் குழுவொன்றை முகாமை செய்யும் விதத்தை உதாரணங்களுடன் எழுதவும்
ஆற்றல் பெற்றிருப்பீர்கள்.

1. பொருத்தப்பாடு என்றால் என்ன?

பாவனையாளர் ஒருவரின் தகவல் தேவையை ஓர் ஆவணம் எந்த அளவிற்கு நிறைவு செய்கின்றதோ, அந்த அளவே அவ்வாவணத்தின் பொருத்தப்பாடு எனப்படும்.

இவ்வரைவிலக்கணத்தில் "தகவல் தேவை" என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். பாவனையாளர் தட்டச்சுச் செய்யும் சொற்கள் வினவல் எனப்படும். வினவல் வேறு, தேவை வேறு. மேற்கூறிய மாணவியின் வினவல் மூன்றே சொற்கள். அவரின் தேவையோ "இவ்வருடம், எனது மாவட்டத்தில், இப்பாடநெறிக்கான ஆகக் குறைந்த இசட் புள்ளி எது?" என்பதாகும். சொல்லப்பட்டதற்கும் சொல்லப்படாததற்கும் இடையிலான இந்த இடைவெளியைக் குறைப்பதே தேடற்பொறியை மேம்படுத்துவோரின் வேலை.

2. தேடற்பொறி தொழிற்படும் விதம்

இதனை மூன்று படிகளில் நினைவிற் கொள்க.

(அ) சேகரித்தல்: வலைச் சிலந்தி எனப்படும் செய்நிரல் இணைப்புகள் வழியே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்திற்குச் சென்று உள்ளடக்கத்தைக் கொண்டுவரும்.

(ஆ) சொல்லடைவு தயாரித்தல்: ஒரு நூலின் இறுதியிலே சொல்லும் அச்சொல் வரும் பக்க எண்களும் தரப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். தேடற்பொறியும் அவ்வாறே ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அச்சொல் வரும் ஆவணங்களின் பட்டியலை எழுதி வைக்கின்றது. நீங்கள் தேடும்போது அது இணையம் முழுவதையும் வாசிப்பதில்லை. இச்சொல்லடைவை மட்டுமே பார்க்கின்றது. ஒரு செக்கனுக்குள் விடை கிடைப்பதற்குக் காரணம் இதுவேயாகும்.

(இ) தரவரிசைப்படுத்தல்: சொல்லடைவிலிருந்து பெற்ற ஆவணங்களுள் எது முதலில், எது அடுத்து எனத் தீர்மானித்தல். பொருத்தப்பாடு பற்றிய பிரச்சினை பெரிதும் எழுவது இப்படியிலேயே.

3. சொற்களுக்கு நிறை வழங்கல்

வினவலில் உள்ள எல்லாச் சொற்களும் சமமான பெறுமதி உடையன அல்ல. எங்கும் வரும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. அரிதாக வரும் சொல்லே ஆவணத்தை இனங்காட்டும். இக்கருத்தை 1972 ஆம் ஆண்டில் கணிதமுறையில் முன்வைத்தவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரன் ஸ்பார்க் ஜோன்ஸ் ஆவார்.

உதாரணம்: ஒரு தொகுப்பில் 1,000 ஆவணங்கள் உள்ளன எனக் கொள்வோம். மொத்த ஆவணங்களின் எண்ணிக்கையைச் சொல் வரும் ஆவணங்களின் எண்ணிக்கையால் வகுத்து, பத்தை அடியாகக் கொண்ட மடக்கை எடுத்தால் சொல்லின் நிறை கிடைக்கும்.

"பற்றி" என்ற சொல் 1,000 ஆவணங்களிலும் வருகின்றது: 1000 ÷ 1000 = 1; மடக்கை 0.
"பரீட்சை" 100 ஆவணங்களில் வருகின்றது: 1000 ÷ 100 = 10; மடக்கை 1.
"வெட்டுப்புள்ளி" 10 ஆவணங்களில் வருகின்றது: 1000 ÷ 10 = 100; மடக்கை 2.

"பற்றி" என்பதற்கு நிறை பூச்சியம். அதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றே. "வெட்டுப்புள்ளி" என்பதே வினவலின் உயிர். இந்நிறையுடன், அச்சொல் அவ்வாவணத்தில் எத்தனை முறை வருகின்றது என்பதையும் ஆவணத்தின் நீளத்தையும் சேர்த்துக் கணிக்கும் முறைகள் பின்னர் உருவாகின. 1990 களில் இலண்டன் சிற்றி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ரொபேட்சனும் அவரின் குழுவினரும் உருவாக்கிய "பீ.எம். 25" என்னும் முறை இன்றும் பல தேடல் மென்பொருள்களில் பயன்படுகின்றது.

1998 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், சேர்ஜி பிரின் ஆகியோர் வேறொரு சான்றையும் சேர்த்தனர். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், அவற்றுள்ளும் எத்தகைய முக்கிய பக்கங்கள், இணைப்பின் மூலம் சுட்டுகின்றன என்பதே அச்சான்று. கூகிள் தேடற்பொறியின் தொடக்கம் இதுவாகும்.

கலைப் பிரிவு மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பார்க் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தில் முதலிற் பயின்றது வரலாறு. "நான் கலைப்பிரிவு, இது எனக்குரிய பாடமன்று" எனக் கூறித் தாளைத் திருப்பி வைக்கும் மாணவர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக.

4. அளத்தல்: துல்லியமும் மீட்பு வீதமும்

அளக்க முடியாததை மேம்படுத்த முடியாது. தேடலை அளக்கும் முறையை நிலைநாட்டியவர் ஒரு நூலகர். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட் வானூர்தியியற் கல்லூரியின் நூலகரான சிரில் கிளெவர்டன் 1950 களின் இறுதியிலும் 1960 களிலும் நடத்திய பரிசோதனைகள் கிரான்ஃபீல்ட் பரிசோதனைகள் எனப்படும். இரண்டாவது பரிசோதனையில் வானூர்தியியல் தொடர்பான 1,400 ஆவணங்களும் 200 இற்கு மேற்பட்ட வினவல்களும் பயன்படுத்தப்பட்டன. எந்த வினவலுக்கு எந்த ஆவணம் பொருத்தமானது என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டது. பின்னர் வெவ்வேறு முறைகள் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டன.

முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. நிபுணர்கள் கவனமாக அமைத்த பொருட்டலைப்புகளைவிட, ஆவணத்தில் உள்ளவாறே எடுத்த தனிச் சொற்கள் சிறப்பாகத் தொழிற்பட்டன. அளந்து பாராமல் அறிஞர்கள் கருத்தினால் மட்டும் முடிவு செய்திருந்தால் இது தெரியவந்திராது.

கிளெவர்டன் பயன்படுத்திய இரு அளவீடுகளும் பின்வருமாறு:

துல்லியம் = பெறப்பட்டவற்றுள் பொருத்தமானவை ÷ பெறப்பட்டவை அனைத்தும்
மீட்பு வீதம் = பெறப்பட்டவற்றுள் பொருத்தமானவை ÷ தொகுப்பில் உள்ள பொருத்தமானவை அனைத்தும்

உதாரணம்: தொகுப்பில் பொருத்தமான ஆவணங்கள் 20 உள்ளன. தேடற்பொறி 25 ஆவணங்களைத் தருகின்றது. அவற்றுள் 10 மட்டுமே பொருத்தமானவை.
துல்லியம் = 10 ÷ 25 = 40%
மீட்பு வீதம் = 10 ÷ 20 = 50%

வலையை அகலமாக வீசினால் மீன் அதிகம் படும். குப்பையும் அதிகம் படும். அதாவது மீட்பு வீதத்தை உயர்த்த முயன்றால் பொதுவாகத் துல்லியம் குறையும். எது முக்கியம் என்பது தேவையைப் பொறுத்தது. ஒரு வழக்கிற்குத் தொடர்பான முன்னைய தீர்ப்புகள் அனைத்தையும் தேடும் சட்டத்தரணிக்கு மீட்பு வீதம் முக்கியம். டெங்குக் காய்ச்சலின் அறிகுறிகளை அவசரமாகத் தேடும் தாய்க்குத் துல்லியமே முக்கியம்.

5. இடமும் முக்கியம்

இரு தேடற்பொறிகள் தலா 10 விடைகளைத் தருகின்றன. இரண்டிலும் 3 விடைகள் பொருத்தமானவை. எனவே இரண்டினதும் துல்லியம் 30%. ஆனால் "அ" என்பதில் அவை 1, 2, 3 ஆம் இடங்களிலும் "ஆ" என்பதில் 8, 9, 10 ஆம் இடங்களிலும் உள்ளன. பாவனையாளருக்கு இவை இரண்டும் சமமா?

சமமன்று. இதனால் ஒவ்வோர் இடத்திற்கும் கழிவு வழங்கிக் கூட்டும் முறையைப் பின்லாந்தைச் சேர்ந்த யார்வெலின், கெகெலெய்னன் ஆகிய ஆய்வாளர்கள் 2000 களின் தொடக்கத்தில் வகுத்தனர். பொருத்தமான ஒரு விடையின் பெறுமதியை, அதன் இட எண்ணுடன் ஒன்றைக் கூட்டி இரண்டை அடியாகக் கொண்டு எடுத்த மடக்கையால் வகுக்க வேண்டும்.

"அ": 1.00 + 0.63 + 0.50 = 2.13
"ஆ": 0.32 + 0.30 + 0.29 = 0.91

இப்போது வேறுபாடு எண்களில் தெரிகின்றது.

6. தமிழில் தேடல்

ஆங்கிலத்திற்கு அமைத்த முறையை அப்படியே தமிழுக்குப் பொருத்த முடியாது. காரணங்கள் மூன்றை எழுதலாம்.

முதலாவது, வேற்றுமை உருபுகள். "மரம்" எனத் தேடுபவருக்கு "மரத்தை", "மரத்தில்", "மரங்களின்" என்பன வரும் பக்கங்களும் தேவை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பொறிக்கு இவை வெவ்வேறு சொற்கள். எனவே விகுதிகளை நீக்கி அடிச்சொல்லைக் காணும் செய்முறை வேண்டும். இது மீட்பு வீதத்தை உயர்த்தும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டவும் கூடாது. "கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்திற்குப் பேருந்து" என்பதில் உருபுகளை நீக்கினால் கொழும்பு, யாழ்ப்பாணம், பேருந்து என்ற மூன்று சொற்களே எஞ்சும். "யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பிற்கு" எனத் தேடினாலும் அதே மூன்று சொற்கள்தான். திசை தொலைந்துவிட்டது, துல்லியம் குறைந்துவிட்டது. ஆங்கிலத்திலும் இதையொத்த சிக்கல் இருந்தது. 2019 ஒக்ரோபரில் கூகிள் "பேர்ட்" என்னும் மொழி மாதிரியைத் தேடலில் இணைத்தபோது, பிரேசில் நாட்டவர் அமெரிக்காவிற்குச் செல்ல விசா தேவையா என்ற வினவலையே உதாரணமாகக் காட்டியது. பழைய முறை திசையைக் குறிக்கும் சிறு சொல்லைப் பொருட்படுத்தாமல், பிரேசிலுக்குச் செல்லும் அமெரிக்கர் பற்றிய பக்கத்தைக் காட்டியிருந்தது. அமெரிக்காவில் ஆங்கிலத்தில் நிகழும் தேடல்களில் பத்தில் ஒன்றை இம்மாற்றம் பாதிக்கும் எனவும் கூகிள் அறிவித்தது.

இரண்டாவது, எழுத்துருக் குறிமுறை. எமது நாட்டில் நீண்டகாலம் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே வினாத்தாள்களும் சஞ்சிகைகளும் தட்டச்சுச் செய்யப்பட்டன. அவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினியின் நினைவகத்தில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே உள்ளன. யுனிகோட்டில் தேடுபவருக்கு அவை அகப்படா. இருக்கின்ற ஆவணம் இல்லாததற்குச் சமமாகிவிடுகின்றது.

மூன்றாவது, படமாக வருடப்பட்ட பக்கங்கள். பழைய நூலொன்றைப் படம் பிடித்து இணையத்தில் இட்டால் அதனுள் உள்ள சொற்களைப் பொறி அறியாது. நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு முதலிய விபரங்களை மனிதர் பதிய வேண்டும். அல்லது எழுத்துணரி மென்பொருளால் எழுத்தாக மாற்ற வேண்டும்.

7. மதிப்பீடு செய்வோர் மனிதரே

எது பொருத்தமானது என்பதைப் பொறி தானாக அறியாது. மனிதர் கூற வேண்டும். 1992 இல் அமெரிக்காவின் தேசிய நியமங்கள் மற்றும் தொழினுட்ப நிறுவனம் "ட்ரெக்" என்னும் மாநாட்டுத் தொடரை ஆரம்பித்தது. பல ஆய்வுக்குழுக்கள் ஒரே ஆவணத் தொகுப்பில், ஒரே வினவல்களுக்கு விடை தேடும். மதிப்பீட்டாளர்கள் அவ்விடைகளைப் பார்த்துத் தீர்ப்பிடுவர்.

இரு மதிப்பீட்டாளர்கள் ஒரே கருத்தைக் கொண்டிருப்பார்களா? அந்நிறுவனத்தின் எலன் வூர்ஹீஸ் 1998 இல் வெளியிட்ட ஆய்வில் இதனைச் சோதித்தார். இருவர் பொருத்தமானவை எனக் குறித்த ஆவணங்களை ஒப்பிட்டபோது இருவருக்கும் பொதுவாயிருந்தவை பாதிக்கும் குறைவு. எனினும் யாருடைய தீர்ப்பைப் பயன்படுத்தினாலும் எந்த முறை சிறந்தது, எது பின்தங்கியது என்ற ஒழுங்கு பெரிதும் மாறவில்லை. அதாவது மனிதத் தீர்ப்பு முற்றும் உறுதியானதன்று. ஆயினும் முறைகளை ஒப்பிடுவதற்குப் போதுமானது.

கூகிள் நிறுவனமும் ஆயிரக்கணக்கான வெளி மதிப்பீட்டாளர்களைப் பயன்படுத்துகின்றது. அவர்களுக்கான வழிகாட்டி நூலை 2015 நவம்பரில் முழுமையாக வெளியிட்டது. பக்கத்தின் தரம் என்ன, பாவனையாளரின் தேவை எந்த அளவிற்கு நிறைவேறியது என்ற இரு கோணங்களில் அவர்கள் புள்ளியிடுவர். அப்புள்ளிகள் தனித்தனிப் பக்கங்களை நேரடியாக உயர்த்துவதோ தாழ்த்துவதோ இல்லை. பொறியின் மாற்றம் நல்லதா என்பதைச் சோதிக்கவே அவை உதவுகின்றன.

8. சொடுக்குகளை நம்பலாமா?

"எந்த விடையை அதிகம் பேர் சொடுக்குகின்றார்களோ அதுவே சிறந்தது" என மாணவர் பலர் எழுதுகின்றனர். இது அரைகுறை உண்மை. 2005 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோர்ஸ்டன் யோக்கிம்ஸும் அவரின் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் விடைகளின் ஒழுங்கு தலைகீழாக மாற்றிக் காட்டப்பட்டது. அப்போதும் பாவனையாளர்கள் மேலே இருந்தவற்றையே விரும்பிச் சொடுக்கினர். ஆகவே சொடுக்கு என்பது தரத்தை மட்டுமன்றி இடத்தையும் காட்டுகின்றது.

இதனால் நேரடிப் பரிசோதனை செய்யப்படுகின்றது. பாவனையாளர்களில் ஒரு பகுதியினருக்குப் பழைய முறையும் இன்னொரு பகுதியினருக்குப் புதிய முறையும் காட்டி, இரு பகுதியினரின் நடத்தையும் ஒப்பிடப்படும். 2020 ஆம் ஆண்டில் மட்டும் தாம் 6 இலட்சத்திற்கு மேற்பட்ட பரிசோதனைகளை நடத்தி, 4,500 இற்கு மேற்பட்ட மேம்படுத்தல்களைச் செய்ததாகக் கூகிள் கூறியுள்ளது. ஒரு மேம்படுத்தலுக்குப் பல பரிசோதனைகள் தேவைப்படலாம் என்றாலும், மேசையில் நல்லதாகத் தோன்றும் யோசனைகள் பல சோதனையில் தேறுவதில்லை என்பது இவ்வெண்களில் தெளிவு.

9. தேடற் குழுவை முகாமை செய்தல்

தேடற் குழுவொன்றில் பொறியியலாளர், தரவுப் பகுப்பாய்வாளர், மொழியறிஞர், மதிப்பீட்டாளர், பாவனையாளரின் தேவையை அறிந்த முகாமையாளர் ஆகியோர் இடம்பெறுவர். இவர்களை முகாமை செய்யும்போது பின்பற்ற வேண்டியவற்றை ஆறு குறிப்புகளாகத் தருகின்றேன். காரணத்துடன் எழுதினால் மட்டுமே முழுப் புள்ளி கிடைக்கும்.

(1) பிழைத்த வினவல்களை ஒழுங்காக வாசித்தல். சராசரி எண் எங்கே தவறு என்று கூறாது. வாரந்தோறும் குழு முழுவதும் கூடி, உண்மையான வினவல்களையும் அவற்றுக்குக் கிடைத்த விடைகளையும் பார்க்க வேண்டும். பலரும் தேடும் வினவல்கள் மட்டுமன்றி அரிதான வினவல்களும் அதில் இருத்தல் வேண்டும்.

(2) அளவுகோலை முதலில் உடன்படுதல். மாற்றத்தைச் செய்தபின் அளவுகோலைத் தெரிவு செய்தால், ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமான எண்ணையே காட்டுவர்.

(3) ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மூன்று மாற்றங்களைச் சேர்த்துச் செய்து பெறுபேறு உயர்ந்தால், எது உயர்த்தியது என்று தெரியாது. விஞ்ஞான பாடத்தில் மாறிகளைக் கட்டுப்படுத்துவதும் இதற்காகவே.

(4) செய்தவரே தீர்ப்பிடாதிருத்தல். தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவர் தாராளமாகப் புள்ளியிடுவார். எனவே மதிப்பீடு தனிப் பொறுப்பாக இருத்தல் வேண்டும்.

(5) ஒரு பிழைக்கு ஒரு விதி எழுதும் பழக்கத்தைத் தவிர்த்தல். மேலதிகாரி ஒருவர் தேடிய வினவல் பிழைத்துவிட்டது என்பதற்காக அதற்கு மட்டும் தனி விதி எழுதினால், இன்னும் பத்து வினவல்கள் கெட்டுவிடலாம். அப்பிழை எந்த வகையைச் சேர்ந்தது எனக் கண்டு, அவ்வகைக்குப் பொதுவான தீர்வைத் தேட வேண்டும்.

(6) அளவுகோல் இலக்காக மாறாமற் பார்த்தல். பிரித்தானியப் பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட் 1975 இல் கூறிய கருத்து இங்கும் பொருந்தும்: ஓர் அளவீட்டையே இலக்காக்கினால் அது நல்ல அளவீடாக இருப்பதை இழந்துவிடும். சொடுக்குகளை உயர்த்துவதே இலக்கானால், பரபரப்பான தலைப்புகள் மேலே வரும், தேவை நிறைவேறாது.

10. இரு உதாரணங்கள்

அல்டாவிஸ்டா: 1995 டிசெம்பரில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட இத்தேடற்பொறி அக்காலத்தில் வேகத்திலும் விரிவிலும் முன்னணியில் இருந்தது. 1998 இல் தாய் நிறுவனத்தைக் கொம்பாக் வாங்கியது. 1999 இல் அல்டாவிஸ்டா சீ.எம்.ஜீ.ஐ. என்னும் நிறுவனத்திற்குக் கைமாறியது. அதே ஆண்டு செய்தி, வணிகம் எனப் பலவற்றையும் தரும் நுழைவாயில் தளமாக மாற்ற முயன்றனர். அதேவேளை கூகிள் தேடல் ஒன்றையே மேம்படுத்திக்கொண்டிருந்தது. பின்னர் 2003 இல் ஓவர்ச்சரும், ஓவர்ச்சர் வழியாக யாகூவும் அல்டாவிஸ்டாவைப் பெற்றன. 2013 யூலையில் அது மூடப்பட்டது. தொழினுட்பம் இருந்தும், உரிமையாளரும் நோக்கமும் அடிக்கடி மாறினால் ஒரு குழு தன் முதன்மைப் பணியில் நிலைத்திருக்க முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பாண்டா: 2010 அளவில் தேடுபவரை ஈர்ப்பதற்காகவே அவசரமாக எழுதிக் குவித்த பக்கங்கள் இணையத்தில் பெருகின. சொற்கள் பொருந்தின, பயன் இல்லை. கூகிள் குழுவினர் மதிப்பீட்டாளர்களிடம், இத்தளத்தின் மருத்துவக் கருத்தை நம்புவீர்களா என்ற வகையிலான வினாக்களைக் கேட்டனர். அவ்விடைகளுடன் ஒத்துப்போகும் வகையில் தளங்களைப் பிரித்தறியும் செய்முறையை அமைத்தனர். 2011 பெப்ரவரியில் வெளியான இம்மாற்றம் அமெரிக்காவின் வினவல்களில் ஏறத்தாழ 12 சதவீதத்தைப் பாதித்தது. மனிதத் தீர்ப்பு முன்னே சென்றது. பொறி அதனைப் பின்பற்றியது.

11. வருமானமும் பொருத்தப்பாடும்

விளம்பரத்தால் வருமானம் பெறும் தேடற்பொறி விளம்பரதாரரின் பக்கம் சாயக்கூடும் என்பதை 1998 ஆம் ஆண்டின் தமது ஆய்வுக் கட்டுரையிலேயே பேஜும் பிரின்னும் குறிப்பிட்டிருந்தனர். ஆயினும் 2000 ஒக்ரோபரில் அவர்களின் நிறுவனமே சொற்களுக்கேற்ற விளம்பரச் சேவையை ஆரம்பித்தது.

2020 இல் அமெரிக்க நீதித் திணைக்களம் கூகிளுக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தது. தேடற் சந்தையில் அந்நிறுவனம் சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணியது என 2024 ஓகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். இவ்வழக்கில் வெளிவந்த ஆவணங்களுள், தேடற் பிரிவுக்குத் தலைமை தாங்கிய பென் கோம்ஸ் 2019 இல் எழுதிய மின்னஞ்சல்களும் அடங்கும். தம் பிரிவு வருமான நோக்கிற்கு மிக நெருக்கமாக இழுக்கப்படுகின்றது என்ற கவலை அவற்றில் வெளிப்பட்டது. எனவே தேடற் குழுவின் முகாமையாளருக்குத் தொழினுட்ப அறிவு மட்டும் போதாது. பாவனையாளரின் பக்கம் நின்று "இது வேண்டாம்" எனக் கூறும் துணிவும் வேண்டும்.

இறுதியாக ஒன்று. 2024 மே மாதத்தில் கூகிள் அமெரிக்காவில் செயற்கை நுண்ணறிவுச் சுருக்க விடைகளைப் பரவலாக வெளியிட்டபோது, பீட்சாவில் பாலாடைக்கட்டி ஒட்டுவதற்குப் பசை சேர்க்குமாறு ஒரு விடை வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் எவரோ வேடிக்கைக்காக எழுதிய குறிப்பிலிருந்து அது எடுக்கப்பட்டிருந்தது. தலைப்பிற்குப் பொருத்தமானது எல்லாம் உண்மையாகிவிடாது. முதலில் வந்தது என்பதற்காக நம்பாதீர்கள். ஆண்டு, மூலம், எழுதியவர் ஆகிய மூன்றையும் பாருங்கள். வெட்டுப்புள்ளி தேடும் மாணவியும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பக்கம் அதுதானா, அவ்வாண்டுக்குரியதா எனப் பார்த்த பின்னரே பேனாவை எடுக்க வேண்டும்.

மாணவர் அடிக்கடி விடும் தவறுகள்

- துல்லியத்திற்கும் மீட்பு வீதத்திற்கும் பகுதியெண்ணை மாற்றி எழுதுதல். துல்லியத்திற்குப் "பெறப்பட்டவை", மீட்பு வீதத்திற்குத் "தொகுப்பில் உள்ள பொருத்தமானவை".
- தேடற்பொறியையும் இணைய உலாவியையும் ஒன்றெனக் கருதுதல்.
- "மேம்படுத்தல்" பற்றிய வினாவுக்கு வேகத்தை மட்டும் எழுதுதல். விரைவாகத் தரப்படும் பிழையான விடை பயனற்றது.
- முகாமைத்துவ வினாவில் "குழுவாகச் செயற்பட வேண்டும்" எனப் பொதுவாக எழுதி நிறுத்துதல்.

பயிற்சி வினாக்கள்

1. தொகுப்பொன்றில் 500 ஆவணங்கள் உள்ளன. ஒரு வினவலுக்குப் பொருத்தமானவை 40. தேடற்பொறி 50 ஆவணங்களைத் தருகின்றது. அவற்றுள் 30 பொருத்தமானவை. துல்லியத்தையும் மீட்பு வீதத்தையும் காண்க.

2. "விகுதிகளை நீக்குதல் தமிழ்த் தேடலுக்கு நன்மையும் தீமையும் தரும்." உதாரணங்களுடன் விளக்குக.

3. பாடசாலை நூலகத்தின் 3,000 நூல்களுக்குத் தேடல் வசதி அமைக்கும் ஐவர் கொண்ட மாணவர் குழுவுக்கு நீர் தலைவர். பொறுப்புகளைப் பகிரும் விதத்தையும் தேடலின் தரத்தைச் சோதிக்கும் விதத்தையும் எழுதுக.

விடைக் குறிப்புகள்

1. துல்லியம் = 30 ÷ 50 = 60%. மீட்பு வீதம் = 30 ÷ 40 = 75%. (500 என்ற எண் கணிப்பிற்குத் தேவையில்லை, அதைக் கண்டு மயங்க வேண்டாம்.)

2. நன்மை: "மரம்" எனத் தேடினால் "மரத்தை", "மரங்கள்" என்பனவும் கிடைத்தல், மீட்பு வீதம் உயரும். தீமை: "இலிருந்து", "இற்கு" என்பன நீங்கித் திசை மறைதல், துல்லியம் குறையும்.

3. நூல் விபரம் பதிவோர் இருவர், செய்நிரல் அமைப்பவர் ஒருவர், மாணவரிடமும் ஆசிரியரிடமும் உண்மையான வினவல்களைச் சேகரிப்பவர் ஒருவர், மதிப்பீட்டுக்குப் பொறுப்பான தலைவர். ஏறத்தாழ 30 வினவல்களுக்குப் பொருத்தமான நூல்களை நூலகரின் உதவியுடன் முன்னரே பட்டியலிட்டு, ஒவ்வொரு மாற்றத்தின் பின்பும் அதே வினவல்களால் சோதித்தல். செய்நிரல் அமைத்தவர் தீர்ப்பிடாதிருத்தல்.

மாணவர்களே, மூன்றாம் வினாவை எழுதிப் பார்ப்பதுடன் நிறுத்த வேண்டாம். உங்கள் பாடசாலை நூலகத்தில் ஓர் அலுமாரி நூல்களுடன் செய்தும் பாருங்கள். ஒரு கொப்பியும் பேனாவும் போதும். கிளெவர்டனின் வழியும் இதுவே: வினவல்களையும் அவற்றுக்குரிய விடைகளையும் முதலில் எழுதி வைத்தல், பின்னர் அளத்தல். செய்து பார்த்தவருக்கு இப்பாடம் மறக்காது.